போனில் சிரித்தவன் நேரில் கிட்ட வருகிறான் இல்லை

கேள்வி:

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து ஆறு கிழமை ஆகிறது. மகனுக்கு இப்போது 3 வயதும் 8 மாதமும். அவன் 9 மாதப் பிள்ளையாக இருக்கும்போது போனேன். இடையில் ஒரு மாத லீவில் வந்தபோது அவனுக்கு 2 வயதுகூட ஆகவில்லை. மற்றபடி எல்லாம் போனில்தான். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் எடுத்தால் விளையாட்டுச் சாமானையெல்லாம் கொண்டுவந்து காட்டுவான். போனுக்கு முத்தம் கொடுப்பான்.

இப்போது நேரில் வந்து நிற்கிறேன், கிட்ட வருகிறான் இல்லை. தூக்கப் போனால் கத்துகிறான். கட்டிலில் படுத்தால் "நீங்க எழும்பிப் போங்க" என்கிறான். ரிமோட் கார், சைக்கிள், சொக்லேட் என்று எவ்வளவோ கொண்டுவந்தேன். காரைத் தூக்கிக்கொண்டு அம்மம்மாவிடம் ஓடிவிட்டான். என் மச்சானின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் படலைக்கு ஓடுகிறான். போன கிழமை சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்டான் என்று கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அதிலிருந்து இன்னும் மோசம். நேற்று என் முகத்தைப் பார்த்து "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டான். இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

மனைவி "விடுங்க, பழகுவான்" என்கிறார். என் அம்மா "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க, நாலு அடி போட்டாச் சரிவரும்" என்கிறார். கம்பனி திரும்பக் கூப்பிடுகிறது. பிள்ளைக்கே நான் வேண்டாம் என்றால் பேசாமல் போய்விடலாமா?

பதில்:

அன்பின் தம்பிக்கு,

உங்களை ஆகவும் சுட்டது அவன் கேட்ட கேள்விதான் என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"நீங்க எப்ப போவீங்க?" என்றதும் "போய்த் தொலை" என்று சொன்னதுபோல உங்கள் மனதில் விழுந்துவிட்டது. மூன்றரை வயதில் பிள்ளைகள் அப்படி மறைத்துப் பேசத் தெரிந்தவர்கள் இல்லை. அவனுடைய உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு போக்கு இருக்கிறது. மாமா காலையில் வேலைக்குப் போவார், பின்னேரம் வருவார். அம்மா கடைக்குப் போனால் வருவார். நேர்சரி ரீச்சரை வீட்டில் காண முடியாது, ஆனால் நேர்சரிக்குப் போனால் இருப்பார். நீங்கள் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கிற ஆள் என்றுதான் உங்களைப் பற்றி அவனுக்கு இவ்வளவு காலமும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இங்கே எத்தனை நாள்? அதைத்தான் கேட்கிறான். இந்த மனிதரோடு ஒட்டினால் ஒரு நாள் எழும்பிப் பார்க்கும்போது காணாமல் போய்விடுவாரா என்ற பயமும் அதற்குள் இருக்கலாம்.

அதனால் மறுபடி கேட்டால் முகம் வாடாமல் பதில் சொல்லுங்கள். "இப்ப போகல்ல மகன். நாளைக்கும் இருப்பன். நீங்க நேர்சரியால வரக்குள்ள வீட்டதான் இருப்பன்." அவனுக்கு விளங்குகிற காலம் அவ்வளவுதான். அடுத்த மாதம், அடுத்த வருடம் எல்லாம் அந்த வயதுக்கு வெறும் சத்தம். "இனிப் போகவே மாட்டன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கம்பனி கூப்பிடுகிற நேரத்தில் அந்த வாக்கைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இல்லை.

போனில் அப்படிச் சிரித்தவன் ஏன் இப்படி என்று கேட்கிறீர்கள். போனில் நீங்கள் உள்ளங்கை அளவு முகம். மணம் இல்லை, பாரம் இல்லை, கைகள் இல்லை. அவனுக்கு அலுத்தால் எழும்பி ஓடிவிடலாம், ஆட்டம் முழுக்க அவன் கையில். இப்போது வீட்டுக்குள் வந்திருப்பவர் வாசலை நிறைக்கிற உயரத்தில் ஒரு ஆம்பிளை. குரல் பெரிசு, தாடி குத்துகிறது, பிறந்ததிலிருந்து அவன் படுத்த இடத்தில் வந்து படுக்கிறார், அம்மா இவரோடு பேசிச் சிரிக்கிறார். போனில் இருந்த அப்பாவும் இவரும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். அவனுடைய உடம்புக்கு அது இன்னும் தெரியாது. லீவில் வந்த அந்த மாதம் அவனைத் தோளில் வைத்துத் திரிந்திருப்பீர்கள். உங்களுக்கு அது நேற்று நடந்ததுபோல இருக்கும். இரண்டு வயதுக்கு முந்தியதை நினைவில் வைத்துச் சொல்ல அனேகமாக யாராலும் முடியாது, உங்களாலும் என்னாலும்கூட.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வேண்டாம் என்றில்லை. அவன் உங்களை இப்போதுதான் சந்திக்கிறான். தெரியாத ஒரு பெரிய மனிதர் தூக்க வந்தால் கத்துவதும், தெரிந்தவர்களிடம் ஓடுவதும் நன்றாக வளர்ந்த பிள்ளையின் அடையாளம். இந்த இரண்டே முக்கால் வருடமும் அவனுக்கு ஓடிப் போக ஆட்கள் இருந்தார்கள் என்று அதற்கு அர்த்தம். உங்கள் மனைவியும் மாமியாரும் செய்த நல்ல வேலை அது.

அந்த ஆட்களில் ஒருவராக நீங்களும் எப்படிச் சேருவது என்பதுதான் கேள்வி. ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து 1964இல் எழுதினார்கள். பால் கொடுப்பவரிடமோ நாள் முழுக்கக் கூட இருப்பவரிடமோதான் பிள்ளை ஒட்டும் என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் கண்டது வேறு. பிள்ளை ஒரு சத்தம் போட்டால் அதற்குத் திரும்பிப் பார்க்கிறவர், கை நீட்டினால் கவனிக்கிறவர், அப்படிப்பட்டவரிடம்தான் பிள்ளைகள் ஒட்டினார்கள், அவர் கொஞ்ச நேரமே கூட இருந்தாலும். ஒன்றரை வயதாகும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒருவர் மட்டுமில்லை, தகப்பன், பாட்டி என்று பலர் இருந்தார்கள். உங்கள் வீட்டிலும் மாமாவிடம் ஓடுகிறான் என்பதற்காக உங்களுக்கு இடம் இல்லாமல் போகாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? அவனுடைய நாளில் ஒரு சின்ன வேலையை நீங்கள் எடுங்கள். ஒரே வேலை, ஒரே நேரம், தினமும். விளையாட்டுச் சாமானும் ஊர் சுற்றலும் பிறகு. ஞாயிற்றுக்கிழமை கல்லடிக் கடற்கரைக்கோ மாமாங்கத் திருவிழாவுக்கோ கூட்டிப்போனால் அவன் சந்தோசப்படுவான்தான். ஆனால் அந்தச் சனக்கூட்டத்தில் அம்மாவின் இடுப்பை விடமாட்டான், நீங்கள் ஐஸ்கிரீமும் செருப்பும் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிற ஆளாக இருப்பீர்கள். பிள்ளைகள் ஒட்டுவது குளிக்க வார்க்கிற, பல் தீட்டிவிடுகிற, செருப்பு மாட்டிவிடுகிற கைகளோடு.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது பின்னேரக் குளிப்பு. உங்கள் பக்கம் இன்னும் கிணற்றடியில் குளிக்க வார்க்கிற வீடுகள்தான் அதிகம். முதல் சில நாள் நீங்கள் பிள்ளையைத் தொடவே வேண்டாம். மத்தியானம் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் அள்ளி வெயிலில் வையுங்கள். அவன் பார்க்கட்டும். பின்னேரம் அம்மா வழமைபோல வார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து உங்கள் காலைக் கழுவுங்கள், செருப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். அவனோடு பேச முயல வேண்டாம், மனைவியோடு சாதாரணமாகப் பேசுங்கள். தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். உங்களை உற்றுப் பார்ப்பான். பார்க்காததுபோல இருங்கள்.

இரண்டு மூன்று நாள் போக, தண்ணீர் அள்ளுகிற கோப்பையை அவன் பக்கம் நீட்டி "என்ட காலுக்கு ஊத்துங்க பாப்பம்" என்று கேளுங்கள். இதைச் செய்யாத பிள்ளையை நான் கண்டது குறைவு. ஊற்றுவான். பிறகு இன்னொரு தரம் ஊற்றுவான். தலையிலும் ஊற்றட்டும், முகத்தைச் சுருக்கிக் காட்டுங்கள். இவ்வளவு பெரிய ஆளுக்குத் தன் கையால் குளிக்க வார்க்கிறான் என்கிற பெருமை அவனுக்கு வரும்போது பயம் இறங்குகிற சத்தத்தை நீங்களே கேட்பீர்கள். கிணற்றடி முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

அதற்குப் பிறகு அவனுடைய காலுக்கு நீங்கள் சவர்க்காரம் போடலாம். கேட்டுவிட்டுப் போடுங்கள். "இந்தக் காலா, அந்தக் காலா?" என்றால் ஒன்றை நீட்டுவான். காலில் தொடங்கி மெல்ல முழங்கால், கை, முதுகு. தலையும் முகமும் கடைசி. கண்ணில் சவர்க்காரம் போனால் யாராவது உடனே துடைப்பார் என்று நம்பினால்தான் பிள்ளை தலையை நீட்டும், அந்த நம்பிக்கை இப்போது அம்மாவிடம் இருக்கிறது. உங்களிடம் வருமட்டும் அது அம்மாவின் வேலையாகவே இருக்கட்டும். துவாயால் துடைத்து உடுப்பு மாட்டுகிற வேலையை அதற்கு முன்னமே எடுத்துவிடலாம்.

இந்த நாட்களில் உங்கள் மனைவி ஒவ்வொரு அடியாகப் பின்வாங்க வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பார். பிறகு கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பார். பிறகு "அம்மா குசினிக்குப் போறன், கூப்பிட்டா வருவன்" என்று சொல்லிவிட்டுப் போவார். சொல்லாமல் நழுவக் கூடாது, அவன் விளையாட்டில் இருக்கிற நேரம் பார்த்து மறைவது கூடவே கூடாது. அவன் கூப்பிட்டால் வந்துவிட வேண்டும். வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நாளைக்கு மறுபடி தொடங்கலாம். பிடிவாதம் பிடித்து வென்றால் ஒரு நாள் குளிப்பு நடக்கும், ஒரு கிழமைப் பழக்கம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கிணற்றடியில் சின்னப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். கட்டு உயரமாக இருந்தாலும் வாளியைக் கவிழ்த்து அதில் ஏறுகிற வயது. போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

குளிப்பு உங்கள் வீட்டுக்குச் சரிவராது என்றால் வேறொன்றைத் தேடுங்கள். காலையில் கோழிக்குத் தீன் போடுவது, நேர்சரிக்குக் கூட்டிப்போவது, எதுவானாலும் பரவாயில்லை. அது தினமும் நடக்க வேண்டும், உங்கள் கை பட வேண்டும், அழாமல் முடிய வேண்டும்.

நீங்கள் இருக்கிற வீடு யாருடையது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு மகளுக்கு, அதில் மாமியார், மச்சான், மனைவியின் தங்கச்சி என்று எல்லாரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போய் வருகிறவருக்கு அந்த வீட்டில் ராச உபசாரம் நடக்கும். கதிரையை இழுத்துப் போடுவார்கள், மீன் நடுத்துண்டு உங்கள் கோப்பையில் விழும், தேத்தண்ணி கையில் வரும். ஒரு வேலையும் தரமாட்டார்கள். அந்த உபசாரம்தான் உங்களை விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. பிள்ளையும் அதைத்தானே பார்க்கிறான்! வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது, கதிரையில் இருக்கிற இவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அதனால் மாமியாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "மாமி, பின்னேரத்தில பிள்ளைக்குக் குளிக்க வாக்கிறத நான் பாக்கட்டா?" என்று கேட்டால் முதலில் "உங்களுக்கு ஏன் மகன் கரைச்சல்?" என்பார். விடாதீர்கள். இத்தனை காலமும் அவரும் சேர்ந்துதான் பிள்ளையைப் பார்த்தார் என்பதை மதித்துக் கேட்டால் ஒரு கிழமையில் அவரே உங்களுக்குப் பழக்கிவிடுவார், பிள்ளைக்கு எந்தத் துவாய் பிடிக்கும், எந்தப் பாட்டுக்குத் தலையைக் காட்டுவான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மனைவியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் காய்ச்சல், தடுப்பூசி, இரவில் அழுகை எல்லாவற்றையும் அவர்தான் சமாளித்தார். "பிள்ளையை எனக்கு எதிராக வளர்த்திருக்கிறீர்கள்" என்கிற மாதிரி ஒரு பேச்சு உங்கள் வாயிலிருந்து ஏற்கெனவே விழுந்திருந்தால், அதை இன்றைக்கே திருத்திக்கொள்ளுங்கள்.

மச்சான் விசயத்தில் பொறாமை வருவது இயல்பு. ஆனால் அவனை மாமாவிடமிருந்து பிரிக்க நினைக்காதீர்கள். ஒரு ஆளை இழந்துதான் அப்பாவைப் பெற வேண்டும் என்று வந்தால் பிள்ளை உங்களைத்தான் குற்றம் சாட்டுவான். மச்சானோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர் மோட்டார் சைக்கிளைக் கழுவும்போது நீங்களும் ஒரு துணியோடு போங்கள். மாமாவுக்குப் பிடித்த மனிதர் இவர் என்று பிள்ளை காண்பது உங்களுக்குப் பெரிய சிபாரிசு.

வீட்டுக்கு வருகிறவர்கள் செய்கிற ஒன்றை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். "அப்பாட்ட போ பாப்பம்", "அப்பாவ விருப்பமா, மாமாவ விருப்பமா?", "அப்பாக்கு ஒரு கொஞ்சல் குடு". முற்றத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க இப்படிப் பரீட்சை வைத்தால் அவன் அம்மாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைப்பான், எல்லாரும் சிரிப்பார்கள், உங்களுக்கு முகம் கறுக்கும். அதை அவன் பார்ப்பான். அடுத்த முறை உங்களைக் கண்டதும் அந்த நெருக்கடிதான் அவனுக்கு நினைவில் வரும். "விடுங்க, அவன் வாற நேரம் வரட்டும்" என்று நீங்களே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பிள்ளையின் பக்கம் நின்று அவனைக் காப்பாற்றியவர் நீங்கள் ஆகிறீர்கள். முத்தம் கேட்பதையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள்.

கை ஓங்கியது. அதை அப்படியே விடக் கூடாது. தரையில் இருந்து, அவன் முகத்தின் உயரத்துக்கு வந்து, "அண்டைக்கு அப்பா கைய ஓங்கிப் பயப்படுத்திட்டன். பிழை. இனி அப்படிச் செய்ய மாட்டன்" என்று ஒருதரம் சொல்லுங்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் ஓடிவிடலாம், கேட்டிருப்பான். இப்போதைக்குத் திருத்துகிற வேலையை அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் விட்டுவிடுங்கள். ரோட்டுக்கு ஓடுவது, அடுப்பு, கிணறு என்று ஆபத்தான இடங்களில் மட்டும் நீங்கள் பிடித்து நிறுத்தலாம். மற்றதெல்லாம் ஒட்டிய பிறகு. உங்கள் அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், நாலு அடி போட்டால் பிள்ளை சத்தமில்லாமல் இருப்பான், அவ்வளவுதான் கிடைக்கும். பயந்த பிள்ளை அடித்தவரிடமிருந்து தூரத்தான் போவான். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. அவர் பேரப்பிள்ளையை அடிக்கடி காண முடியாத அப்பம்மா என்றால் அவருக்குள்ளும் ஒரு வலி இருக்கும், கிழமைக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கட்டில் விசயம். பிறந்ததிலிருந்து அம்மாவோடு படுத்தவனை இந்த நேரத்தில் வேறு இடத்துக்கு மாற்றாதீர்கள். அப்பா வந்தார், என் இடம் போனது என்றுதான் அவன் கணக்கு வைப்பான். நீங்கள் அதே அறையில் கீழே பாய் போட்டுப் படுங்கள், சில கிழமைக்குத்தான். கணவன் மனைவிக்கு வேண்டிய தனிமையை அவன் நித்திரையான பிறகு வேறு அறையில் தேடிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் முகமும் உடம்பும் அவனுக்குப் புதிது, ஆனால் உங்கள் குரல் புதிதில்லை. இத்தனை காலமும் போனில் கேட்ட குரல். விளக்கை அணைத்து நுளம்பு வலைக்குள் அவனும் அம்மாவும் படுத்திருக்க, நீங்கள் கீழே பாயில் இருந்தபடி ஒரு கதை சொல்லுங்கள். அன்றைக்கு அவன் செய்ததையே கதையாகச் சொன்னால் போதும். "ஒரு ஊரில ஒரு பொடியன் இருந்தானாம். அவன் இண்டைக்குக் கோழிக்குஞ்சுக்குப் பின்னால ஓடினானாம்..." அவனைப் பார்க்கச் சொல்லி இருட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் "மறுகா?" (பிறகு?) என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் நித்திரையையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆகவே கதையை எட்டு எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நாள் குறித்துத் தர முடியாது. பல பிள்ளைகள் சில கிழமைகளில் தளருவார்கள், சிலருக்கு மாதங்கள் போகும். ஒரே சீராகவும் போகாது. நேற்று உங்கள் மடியில் இருந்தவன் இன்றைக்குச் சளி பிடித்தால் அம்மாவை விடமாட்டான், காய்ச்சலில் உங்களைத் தள்ளுவான். அதைப் பின்னடைவு என்று எடுக்காதீர்கள். ஒரு அடையாளத்தை மட்டும் சொல்கிறேன், நிறையத் தகப்பன்மார் இதைத் தப்பாக விளங்குகிறார்கள். ஒரு நாள் அவன் உங்களோடு சண்டை பிடிப்பான். பிஸ்கட் உடைந்துவிட்டது என்று உங்கள் முன்னால் நிலத்தில் விழுந்து கத்துவான், ஆனால் அம்மம்மாவிடம் ஓடமாட்டான். அன்றைக்குச் சந்தோசப்படுங்கள். முன்னால் நின்று அழலாம், இவர் போய்விட மாட்டார் என்று நம்புகிறவர்களிடம்தான் பிள்ளைகள் அப்படி அழுவார்கள்.

நீங்கள் எழுதியதில் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்களோடு ஓடி விளையாடுகிறான், வசனமாகப் பேசுகிறான். யாரிடமும் ஒட்டாமல் ஒதுங்கினாலோ, தெரிந்த பேச்சு நின்றுபோனாலோ, படுக்கையில் சலம் போகிற பழக்கம் நின்ற பிறகு திரும்ப வந்து கிழமைக்கணக்கில் தொடர்ந்தாலோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கிளினிக்குக்கு வருகிற அந்த மிஸ்ஸிடம் சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்.

உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. அந்த வெயிலில் உழைத்து, அறையில் நாலைந்து பேரோடு படுத்து, கடனைக் கட்டி, எல்லாம் இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்து நாட்களைத் தள்ளியிருப்பீர்கள். வந்த இடத்தில் அந்தப் பிள்ளையே தள்ளும்போது நெஞ்சு வெடிக்கும். தகப்பனுக்கு இது வலிக்கும் என்று இங்கே யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற தாய்மாரிடம் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், பிள்ளையை யார் பார்ப்பார் என்று விசாரித்தார்கள். தகப்பன் போனால் பிள்ளைக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. காசு அனுப்புகிறவர் என்பதோடு அவரை முடித்துவிட்டார்கள். இது எனக்கு நீண்டகாலமாக இருக்கிற கோபம். நித்திரை இல்லாமல் தொடர்ந்தால், குடியில் கை போனால், எல்லாம் வெறுத்துப்போனால், 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி. நேரில் பேச வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். காசு இல்லை, விசயமும் வெளியே போகாது.

கடைசியாக, திரும்பிப் போவதா என்ற கேள்வி. கடனும் வீட்டு வேலையும் இங்கே கிடைக்கிற சம்பளமும் பார்த்து நீங்களும் மனைவியும் இருந்து எடுக்க வேண்டிய முடிவு அது. அதற்குள் பிள்ளையின் அழுகையைக் கொண்டுவராதீர்கள். அவன் சேராததால் போகிறேன் என்று போனால் அங்கே ஒவ்வொரு இரவும் அது உங்களைத் தின்னும்.

போகத்தான் வேண்டும் என்று முடிவானால், முடிந்தவரை இந்தப் பழக்கம் கொஞ்சம் ஊன்றிய பிறகு போங்கள், மாதம் இரண்டு தள்ள முடியுமா என்று கம்பனியிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பல மாதத்துக்கு முன்னமே சொல்ல வேண்டாம், நாலைந்து நாளைக்கு முன்னால் சொன்னால் போதும். எங்கள் பக்கத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் இரவில்தான் வெளிக்கிடும். பிள்ளை நித்திரையில் இருக்கும்போது சத்தமில்லாமல் ஏறிப் போகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அழுவான் என்ற இரக்கத்தில்தான். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். காலையில் எழும்பிப் பார்த்து அப்பா இல்லை என்றால், இனி நித்திரைக்குப் போகவே பயப்படுவான். வெளிச்சம் இருக்கும்போதே சொல்லுங்கள், அழட்டும், நீங்களும் அழலாம். பின்னேரக் குளிப்பை இனி யார் செய்வார் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அங்கே போன பிறகு நேரக் கணக்கைப் பாருங்கள். கட்டாருக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் ஆறு மணிக்கு வேலை முடித்துப் போனை எடுத்தால் இங்கே எட்டரை, அவன் நித்திரைக்குப் போகிற நேரம். அந்த நேரம் வீடியோவில் எழுப்பி முகம் காட்டச் சொல்வதைவிட, காலையிலேயே ஒரு கதையைக் குரல் பதிவாக அனுப்பிவையுங்கள், அம்மா இருட்டில் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை வீடியோவில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று விசாரணை வேண்டாம். போனைக் கிணற்றுக் கட்டிலிருந்து எட்டத்தில் நிறுத்திவைத்துவிட்டு அவன் குளிப்பதைக் கூட இருந்து பாருங்கள். அவனுக்குப் போதும் என்றால் போதும், அழைப்பை அவனே முடிக்கட்டும்.

முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். பயணத் திகதி வந்தால் அதற்கு முந்திய கிழமையை எப்படிக் கழிப்பது என்று விளக்கமாக எழுதி அனுப்புகிறேன்.